மும்முறைத் தாண்டுதலில் இரண்டு பேர்

"பெண்கள், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர், டிரிபிள் ஜம்ப். ஒருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார். வேறு யாராவது இருந்தால் மணல் குழிப் பக்கம் வரவும்."

ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பு அது. கேட்டும் கேட்காத மாதிரி நான் மகளுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் எங்கள் வீடு. கோடை விடுமுறையில் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஓட்டப் போட்டிகள் நடக்கும். ஐந்து வயதுக் குழந்தை முதல் எண்பது வயதுப் பெரியவர் வரை யார் வேண்டுமானாலும் வந்து ஓடலாம், தாண்டலாம், எறியலாம். பன்னிரண்டு வயதாகும் என் மகள் நானூறு மீட்டர் ஓட வந்திருந்தாள். நான் பாட்டில் பிடிக்க வந்திருந்தேன். ஆறு மணிக்கும் வெயில் தலையில் ஆணி அடித்தது.

மகள் என் முழங்கையை இடித்தாள். "அம்மா, தட்ஸ் யுவர் திங்!"

அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். நான் கல்லூரியில் படிக்கும்போது டிரிபிள் ஜம்ப் தாண்டியவள் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை அவள் ஞாபகம் வைத்திருப்பாள் என்று நினைக்கவில்லை.

"அதெல்லாம் எப்பவோ. இப்ப போய் விழுந்து வெச்சா உங்கப்பாதான் லீவு போடணும்" என்றேன்.

மணல் குழி அருகே ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். உயரம். நரைத்த கூந்தலை உச்சியில் இறுக்கிக் கட்டியிருந்தாள். வேறு யாராவது வருகிறார்களா என்று கேலரிப் பக்கம் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். பந்திக்கு இலை போட்டுவிட்டு ஆள் வராதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் எழுந்துவிட்டேன்.

கடைசியாக நான் தாண்டியபோது எனக்கு வயது இருபத்திரண்டு. ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பெண் நான். பல்கலைக்கழக அணியில் இருந்தேன், மாநிலப் போட்டிக்கும் ஒரு முறை போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. வேலை வந்தது, கல்யாணம் வந்தது, விசா வந்தது, குழந்தை வந்தது. நின்றுபோனதைக் கவனிக்காமலே இருபத்திரண்டு வருடம் ஓடியிருந்தது.

மும்முறைத் தாண்டுதல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓடி வந்து பலகையில் ஒரு காலை ஊன்றி எழும்ப வேண்டும். அதே காலில் இறங்கி மறுபடி எழும்ப வேண்டும். இந்த முறை மற்றக் காலில் இறங்கி, அங்கிருந்து எழும்பி மணலில் போய் விழ வேண்டும். உடம்புக்கு மறக்காது என்று நம்பித்தான் ஓடினேன். முதல் தடவை பலகையைத் தாண்டி மிதித்துவிட்டேன், ஃபவுல். இரண்டாவது தடவை இரண்டாம் காலை ஊன்றியதும் முழங்கால் மடங்கி, மணலின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தேன். கேலரியில் என் மகள் முகத்தை மூடிக்கொண்டது அங்கிருந்தே தெரிந்தது.

அந்தப் பெண் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவளும் நானும் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் அவள் சொன்னது எதுவும் எனக்கு ஆங்கிலமாக நினைவில் இல்லை. நம் பாஷையில் பேசியது போலவேதான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"உனக்குக் கால் மறக்கலை, கண்ணுதான் மறந்திருச்சு. பலகையைப் பாத்துக்கிட்டே ஓடறே. மூணு அடி பின்னால போய் ஆரம்பி. பலகையைப் பாக்காதே."

போட்டியில் எதிரே நிற்பவள் இப்படிச் சொல்லித் தருவாளா? எனக்கு ஆச்சரியம். மூன்று அடி பின்னால் போனேன். மூன்றாவது தாண்டல் நிலைத்தது. ஏழு மீட்டர் அறுபத்தெட்டு. அவள் ஒன்பது முப்பத்தொன்று. அவளுக்கு நீல ரிப்பன், எனக்குச் சிவப்பு.

"ரெண்டாவது பரிசு" என்றேன் மகளிடம்.

"கடைசிப் பரிசும் அதுதான்" என்றாள் அவள் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். மகள் சட்டென்று வெட்கப்பட்டு, "சாரி ஆன்ட்டி" என்றாள்.

"ஆன்ட்டியா? எங்க ஊர்லயும் இப்படித்தான். தெரிஞ்ச பெரியவங்க எல்லாரையும் அத்தைன்னுதான் கூப்பிடுவோம். தியான்னு சொல்லுவோம்."

"எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"கிரீஸ். ஏதென்ஸ் பக்கம்."

அன்றிலிருந்து என் மகளுக்கு அவள் தியா. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அதுதான் பெயராகிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "உன்னோட பெஸ்ட் பதினொண்ணு அறுபத்திரண்டுதானே?"

அந்த எண்ணை நான் அவரிடம் சொன்னதே இல்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கப்பா பயோடேட்டாவுல எழுதியிருந்தாரே. ஹாபீஸ், மியூசிக், குக்கிங், டிரிபிள் ஜம்ப் 11.62 மீட்டர்."

"குக்கிங்னு எழுதியிருந்தாரா?"

"அது பொய்யின்னு கல்யாணத்துக்கப்புறம்தான் தெரிஞ்சது" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கே டேப் எடுத்து எங்க வீட்டை அளந்து பாத்தேன். வாசப்படியில இருந்து பின் கதவு வரைக்கும் பத்தரை மீட்டர்தான் வந்துச்சு. எங்கம்மாகிட்ட போய், இந்தப் பொண்ணு நம்ம வீட்டையே தாண்டிருவாம்மான்னேன்" என்றார்.

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. கேட்டால், நீ கேக்கலையே என்கிறார்.

அதற்கப்புறம் சனிக்கிழமை காலைகளில் தியாவும் நானும் அந்த மைதானத்தில் சந்திக்கத் தொடங்கினோம். அவளுக்கு நாற்பத்தேழு வயது. பள்ளி பஸ் ஓட்டுகிறாள், மஞ்சள் நிறத்தில் தெருவை அடைத்துக்கொண்டு வருமே, அந்த பஸ். அவள் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். நான்கு மாதம் கடலில் இருப்பார், இரண்டு மாதம் வீட்டில். பிள்ளைகள் இல்லை. "பஸ்ல நாப்பத்தஞ்சு இருக்கு, போதும்" என்பாள்.

இளவயதில் அவள் அவர்கள் நாட்டு அணியின் பயிற்சி முகாமில் இருந்தவள். அது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை நான் தாண்டி முடித்ததும் அவள் பல் வைத்த ரேக்கை எடுத்து மணலைச் சமன் செய்தாள். அதில் ஒரு கைப்பழக்கம் தெரிந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு நான்கு இழுப்பு, பிறகு ரேக்கைத் திருப்பி முதுகால் ஒரு தடவல். மணல் தோசைக்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

"எங்க கத்துக்கிட்டே இதை?"

"ஒலிம்பிக்ல" என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் குழியின் விளிம்பில் உட்கார்ந்து ஷூவிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டே சொன்னாள்.

அவளுடைய ஊரில் ஒலிம்பிக் நடந்த வருடம், வசந்த காலத்தில் பயிற்சியின்போது வலது குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் அறுந்துவிட்டது. அணித் தேர்வுக்கே போக முடியவில்லை. மைதானத்தில் உதவி செய்யத் தன்னார்வலர்கள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்று ஃபோனை வைத்துவிட்டாள். மூன்று நாள் கழித்து அவளே கூப்பிட்டு, வருகிறேன் என்றாள். மணல் குழிக்கு அனுப்பினார்கள். தான் தாண்ட வேண்டிய குழியில் மற்றவர்கள் தாண்டிய தடத்தை அழிப்பது அவள் வேலை.

"முதல் நாள் ஒவ்வொரு காலடியையும் பாத்து எரிச்சலா வந்துது. கோவத்துல ரேக்கைப் போட்டு இழுத்தேன். அப்ப ஒருத்தி வந்தா. எந்த நாடுன்னு கவனிக்கலை. மூணு தடவையும் ஃபவுல். அவ்வளவு தூரம் வந்து, ஒரு அளவுகூட இல்லாம வெளியே போகணும். கடைசித் தாண்டல் முடிஞ்சு அந்தக் குழியிலயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டா. அடுத்தவங்க ஓடணும், எழுந்திருன்னு நான் சொல்லணும். அவ பாஷை எனக்குத் தெரியாது. கிட்டப் போனேன். அவ எழுந்து, என் கையில இருந்து ரேக்கை வாங்கி, தன்னோட தடத்தைத் தானே அழிச்சா. திருப்பிக் குடுத்துட்டு, என் தோளைத் தட்டிட்டுப் போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நல்லா வேலை செஞ்சேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி மணல் வேணுமில்ல?"

அவள் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். "வா, உன் கால் ஆறிடப் போவுது" என்று அதட்டினாள்.

ஜூலை ஆரம்பத்தில் புயல் வந்தது. எங்கள் தெருவில் ஐந்து நாள் மின்சாரம் இல்லை. ஏசி இல்லாத டெக்சஸ் ஜூலையை எதிரிக்கும் நான் சாபமாகத் தர மாட்டேன். தியாவின் பக்கத்துக்குக் கரண்ட் முதலில் வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் இரண்டு மூட்டை ஐஸ் கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்குவாள். என் கணவர், "தோசை மாவு புளிச்சுப் போறதுக்குள்ள இவங்க வந்துட்டா நாம பொழைச்சோம்" என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மின்சாரம் வந்த வாரம் மைதானத்துக்குப் போனோம். மணல் குழியை மூடியிருந்த தார்ப்பாய் வேலியில் தொங்கியது. குழிக்குள் தண்ணீர், ஓக் மரக் கிளைகள், ஓரத்தில் நெருப்பெறும்புப் புற்று. கடைசிப் போட்டியை இரண்டு வாரம் தள்ளி வைத்திருந்தார்கள். குழி இப்படியே இருந்தால் டிரிபிள் ஜம்ப் கிடையாது என்றார் பொறுப்பாளர். மறுநாள் காலை நாங்கள் நான்கு பேரும் போனோம். கணவர் கிளைகளை இழுத்தார், மகள் வாளியால் தண்ணீர் மொண்டு கொட்டினாள், எறும்புப் புற்றைத் தியா மண்வெட்டியால் பெயர்த்து வேலிக்கு அப்பால் வீசினாள். நான்கு பேருக்கும் கணுக்காலில் கொப்புளம். இரண்டு பேர் தாண்டுவதற்கு நான்கு பேர் கடி வாங்கினோம்.

அந்த மாதக் கடைசியில் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை மதியம். கப்பல்காரக் கணவரைக் கடலில் விட்டுவிட்டு வீட்டில் தனியாக என்ன பார்ப்பாய், இங்கே வா என்று கூப்பிட்டேன். ஒரு முழுத் தர்ப்பூசணியையும் உப்புப் பாலாடைக்கட்டி ஒரு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டையும் சேர்த்துத்தான் அவர்கள் ஊரில் தின்பார்களாம். என் கணவர் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, எழுந்து போய் மிளகாய்த்தூள் டப்பாவோடு வந்தார். தியா அதையும் தூவித் தின்றாள். கண்ணில் நீர் வந்தும் நிறுத்தவில்லை.

பாரிஸில் மழை. ஆற்றில் படகு படகாக நாடுகள் வந்தன. முதல் படகு கிரீஸ்.

"ஆல்ஃபபெட் ஆர்டர்னா ஜி எப்படி முதல்ல வரும்?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நாங்க ஆரம்பிச்சு வெச்ச விளையாட்டு. அதனால எப்பவும் நாங்கதான் முதல். நடத்தற நாடு கடைசி."

"அப்ப ஊர்வலத்துல உங்களுக்குத்தான் எப்பவும் தங்கம்" என்றாள் மகள்.

"ஆமா. அதுக்குப் பயிற்சியே வேண்டாம்" என்றாள் தியா. மழையில் நனைந்துகொண்டு கொடியை ஆட்டிய தன் நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்ததும் அவள் குரல் மாறிவிட்டது. இவள் குண்டு எறிபவள், இவன் நீச்சல்காரன், இவன் நீளம் தாண்டுபவன், போன தடவை தங்கம் வாங்கியவன் என்று, சொந்த அக்கா பிள்ளைகளைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். அடுத்த படகில் நாடில்லாத அகதிகளின் அணி வந்தது. அவள் கை தட்டினாள். பார்த்துவிட்டு நாங்களும் தட்டினோம்.

இந்தியா வர வெகுநேரம் ஆனது. அவளுக்குக் கடைக்குப் போக வேண்டிய வேலை இருந்தது, போகவில்லை. இந்தியப் படகு வந்ததும் என் பக்கம் திரும்பி, "சொல்லு, யாரு என்ன பண்றவங்க?" என்று கேட்டாள். எனக்கு ஈட்டி எறிபவரைத் தெரியும், பேட்மின்டன் பெண்ணைத் தெரியும். அதற்கு மேல் தெரியவில்லை. படகில் அத்தனை பேர் கையசைத்தார்கள். நான் திருதிருவென்று விழித்தேன். கணவர் ஃபோனில் தேடி ஒவ்வொருவராகப் படிக்க ஆரம்பித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள். ஈட்டிக்காரருக்கு என்றைக்குப் போட்டி என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் கடைசிப் போட்டி. அப்போதும் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் சுற்றில் அவள் எட்டு மீட்டர் தொண்ணூற்றேழு. நான் எட்டு எழுபது. ஆறு வாரத்தில் ஒரு மீட்டர் முன்னேறியிருந்தேன், எனக்கே நம்ப முடியவில்லை.

இரண்டாவது சுற்றில் அவள் ஓடி வந்தாள், பலகையில் ஊன்றி எழும்பினாள், இறங்கினாள். இறங்கிய இடத்திலேயே நின்று, பின்னால் திரும்பிப் பார்த்தாள். யார் என்னை உதைத்தது என்று தேடுகிற பார்வை. பின்னால் ஒருவரும் இல்லை. அப்படியே ரப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடினேன். அவள் இடது குதிகாலுக்கு மேலே தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அறுந்துடுச்சு" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "அன்னிக்கு வலது, இன்னிக்கு இடது. இப்ப ரெண்டும் சமம்."

நான் அழுதுவிட்டேன். பொறுப்பாளர் ஐஸ் பையோடு வந்தார். இத்தோடு நிறுத்திவிடலாம் என்று அவரிடம் நான் சொன்னதுதான் தாமதம், தியாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கு இன்னும் ரெண்டு தடவை இருக்கு. தாண்டு."

"உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அஞ்சு நிமிஷத்துல கால் எங்கயும் போயிடாது. நீ தாண்டாம விட்டா நான் ஜெயிச்சதுக்கு என்ன அர்த்தம்? போ."

அவளைக் குழி ஓரத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, காலைக் கூலர் மேல் தூக்கி வைத்தார்கள். என் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய் என் குறியில் நின்றேன். கண்ணெல்லாம் தண்ணீர், பலகை எங்கே தெரிகிறது? ஓடினேன். எட்டு எண்பத்தொன்று. கடைசித் தடவை, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக ஓடினேன். மணலில் விழுந்து எழுந்ததும் டேப் வைத்து அளந்தார்கள்.

"எட்டு தொண்ணூற்று மூன்று."

நான்கு சென்டிமீட்டர் குறைவு. நாற்காலியிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. "இன்னும் நான்தான்! இன்னும் நான்தான்!" ஐஸ் பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். வலியில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். நீல ரிப்பனை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் என் காரில் ஏறினாள்.

டாக்டர் பார்த்து, அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். அதுவரை காலை ஊன்றக் கூடாது. பள்ளி திறக்கும்போது பஸ் ஓட்ட முடியாது, குளிர்காலம் வரை முடியாது என்றும் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அவள் உடைந்தாள். "புதுசா ஒண்ணாம் கிளாஸ் வர்ற பசங்க முதல் நாள் அழுவாங்க. வேற யாரு அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா?" என்றாள்.

அவள் கணவர் நடுக்கடலில் இருந்தார். அந்த ஒரு வாரமும் அவள் வீட்டுச் சாவி எங்களிடம் இருந்தது. காலையில் நான் காபி கொண்டு போவேன், சாயங்காலம் கணவரும் மகளும் சாப்பாடு கொண்டு போவார்கள். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அவள் ஒலிம்பிக்கை ஒரு நிமிடம் விடாமல் பார்த்தாள். சனிக்கிழமை பெண்களுக்கான மும்முறைத் தாண்டுதல் இறுதிச் சுற்று. பதக்க மேடையில் கிரேக்கப் பெண் யாரும் இல்லை. ஒரு குட்டித் தீவு நாட்டுப் பெண் தங்கம் வாங்கினாள், அந்த நாட்டுக்கே அதுதான் முதல் பதக்கம். தியா தன் நாடு ஜெயித்த மாதிரி தலையணையைக் குத்தினாள்.

செவ்வாய்க்கிழமை ஆண்களுக்கான நீளம் தாண்டுதல். வேலை நேரம். மீட்டிங் இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய், சமையலறை மேசையில் உட்கார்ந்து மீட்டிங்கில் கலந்துகொண்டேன். ஹாலில் டிவி. அவள் சத்தமே போடவில்லை, மூச்சு விடுகிறாளா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். என்னிடம் ஏதோ கேட்டார்கள் என்று மைக்கைத் திறந்த அதே நொடியில் ஹாலிலிருந்து ஒரு அலறல். சோபாவும் சேர்ந்து கிறீச்சிட்டது.

"எவ்ரிதிங் ஓகே?" என்றார் மேனேஜர்.

"கிரீஸ் ஜெயிச்சிருச்சு" என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அந்த வீரர் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். நான் மீட்டிங்கை மூடிவிட்டு ஹாலுக்கு ஓடினேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். குனிந்து கட்டிக்கொண்டேன். அவள் என் காதில் கிரேக்க மொழியில் ஏதேதோ சொன்னாள். புரியவில்லை, கேட்டுக்கொண்டேன்.

பதக்கம் கொடுப்பதைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் அவள் வீட்டில் கூடினோம். சேமியா பாயசம் செய்து எடுத்துப் போயிருந்தேன். அவர்கள் ஊர் டிவி அவள் ஃபோனில் வந்துகொண்டிருந்தது. என் மகள் அதைப் பெரிய டிவியில் தெரிய வைத்தாள். கொடி ஏறத் தொடங்கியதும் தியா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஊன்றுகோல் எட்டாத தூரத்தில் இருந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டு என் கணவர் எழுந்து நின்றார். அவளுக்குப் பதிலாக என்று சொல்லவில்லை, சும்மா நின்றார். மகளும் நின்றாள். நானும் பாயசக் கிண்ணத்தோடு நின்றேன். ஒரு வார்த்தையும் தெரியாத பாட்டுக்கு மூன்று பேரும் நேராக நின்றோம். தியா உட்கார்ந்தபடி பாடினாள். ராகத்தில் நிற்காத குரல்தான். உரக்கவே பாடினாள்.

முடிந்ததும் கணவர் மெதுவாகக் கேட்டார். "உக்காரலாமா?"

"முழுப் பாட்டுல நூத்தம்பத்தெட்டு சரணம் இருக்கு. பாடட்டுமா?" என்றாள் தியா.

வியாழக்கிழமை ஆபரேஷன். காலையில் நான்தான் கூட்டிப் போனேன். வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கூட வந்திருப்பவர் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். தோழி என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கி, 'போட்டியாளர்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள்.

நர்ஸ் படித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜெயிக்கிறது யாரு?"

"நான்" என்றாள் தியா, சக்கர நாற்காலியிலிருந்து. அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவளுடைய கைப்பையையும் ஒற்றைச் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடலிலிருந்து அவள் கணவர் இரண்டு முறை கூப்பிட்டார். இணைப்பு விட்டு விட்டு வந்தது. நன்றாக இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று கத்திச் சொன்னேன். மதியம் என் கணவரிடமிருந்து ஃபோனில் செய்தி வந்தது. ஈட்டி எறிதல் முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் அந்தப் போட்டி என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். தியா பாதி மயக்கத்தில் இருந்தாள். காலில் முழங்கால் வரை கட்டு. நான் நெற்றியில் கை வைத்ததும் கண்ணைத் திறந்தாள். நாக்கு குழறியது.

"உங்க ஈட்டிக்காரன் என்ன ஆனான்?"

"வெள்ளி" என்றேன்.

"தங்கம் யாருக்கு?"

"பாகிஸ்தான்காரருக்கு."

அவள் கண்ணை மூடி அதை யோசித்தாள். தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

"அப்ப ரெண்டும் உங்க தெருவுக்குத்தான் வந்திருக்கு" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் உப்பு பிஸ்கட்டும் ஆப்பிள் ஜூஸும் கொண்டு வந்து வைத்துவிட்டு, பேசாமல் தூங்கச் சொல்லிவிட்டுப் போனார்.